சிவலையின் பூட்டிய கால்

எங்கள் வண்டில் மாடு சிவலைக்கு வயது போய்விட்டது. காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றுகிற நேரத்தில் இடது பின்னங்கால் கோளாறு காட்டத் தொடங்கியது. விடியற்காலையில் எழும்பினால் கால் பின்னோக்கி விறைத்து நீண்டுவிடும். குளம்பின் நுனி மண்ணைக் கீறும். பிறகு ஒரு வெட்டு வெட்டி, மடங்கும். கொஞ்சத் தூரம் நடந்தால் சரியாகிவிடும்.

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் மாடு நொண்டினால் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. அடுத்த வளவுப் பெரியப்பா, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறி சுடச் சொன்னார். குளம்பில் இரும்பு ஏறியிருக்கும் என்றார் இன்னொருவர். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் எங்கள் காணிகளில் ஷெல் துண்டுகள் கிளம்புவதால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

கால்நடை வைத்தியர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. சிவலை கல்யாண மாப்பிள்ளைபோல நடந்து காட்டியது. நல்லவேளை, விடியற்காலை நடையைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். நொண்டும் மாட்டுக்கு வைத்தியம் தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த வீடியோ இல்லையென்றால் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

அப்படியிருந்தும் அவர் முதலில் பார்த்தது குளம்பைத்தான். மாட்டு நொண்டலில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறதாம். சுரண்டி, அழுத்திப் பார்த்தார், ஒன்றுமில்லை. பிறகு முழங்காற் சில்லைத் தடவியபடி விளக்கினார்:

“ஐயா, இந்தச் சில்லைக் கீழே மூன்று நார்கள் பிடித்திருக்கின்றன. உள்பக்க நார் தொடையெலும்பின் மேட்டில் கொளுவிக்கொள்கிறது. அதனால்தான் கால் பூட்டுப்படுகிறது. மூட்டுத் தேய்வென்றால் இப்படிப் பூட்டித் திறக்காது.”

குதிரைகளுக்கும் இது உண்டாம். அவை நின்றபடியே களைப்பாற இந்தப் பூட்டுத்தான் உதவுகிறது, விடுபடாவிட்டால்தான் வில்லங்கம். ஆனால் குதிரைக்கு உடனே கத்தி வைக்கமாட்டார்கள். நடைப்பயிற்சியால் தொடைத் தசையைப் பலப்படுத்திப் பார்ப்பார்கள். நாரை வெட்டினால் பின்னர் சில்லெலும்பு சிதையக்கூடும் என்ற பயம். மாட்டுக்கு வெட்டுவதுதான் வழக்கமான வைத்தியம் என்றார்.

வயதான மாட்டை விழுத்துவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வயிறு ஊதாமலிருக்க முதல் நாள் இரவே தீனியை நிறுத்தச் சொல்லியிருந்தார். மணல் பரப்பிய இடத்தில் கயிறு போட்டு, நோவுள்ள கால் கீழே வரும்படி சாய்த்தோம். வெட்டவேண்டிய நார் உள்பக்கம் என்பதால், மேற்காலை விலக்கிக் கட்டினால்தான் கை போகும். விறைப்பூசி போட்டு, சின்னத் துளை வழியே கத்தியை விட்டு நாரை அறுத்தார். கயிறு கட்டவும் அவிழ்க்கவும் எடுத்த நேரம்தான் அதிகம்.

எழும்பிய சிவலை முதல் அடியிலேயே காலை மடக்கி வைத்தது. காயத்தில் ஈ மொய்க்காமல் பார்த்து, ஆறும்வரை வண்டிலில் பூட்டாமல் விட்டோம். மற்றக் காலுக்கும் இது வரலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது வைக்கோல், விறகு மட்டும் ஏற்றுகிறேன், மணல் ஏற்றுவதில்லை. பெரியப்பா மட்டும், குறி சுட்டிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.