கரண்ட் போனால் சோலாரும் நிற்கும்

மாடியில் 300 வாட் பேனல் இரண்டு, சுவரில் ஒரு சின்ன கிரிட்-டை இன்வெர்ட்டர், அதாவது பேனலின் மின்சாரத்தை மின்வாரிய லைனோடு சேர்த்து ஓட்டும் பெட்டி. மாட்டிய நாளிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "இனி கரண்ட் போனாலும் கவலை இல்லையே?"

அப்படி இல்லை. கரண்ட் போனதுமே இதுவும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. இது கோளாறே அல்ல. நிற்காவிட்டால் பேனலின் மின்சாரம் வெளி லைனுக்குப் போய்விடும். லைனில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவரின் உயிர் இதில்தான் இருக்கிறது. கரண்ட் திரும்பியதும் வோல்டேஜும் அதிர்வெண்ணும் நிலையாக இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருக்கும், அப்புறம்தான் பச்சை விளக்கு எரியும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

நேற்று மதியம் திரையில் 470 வாட். வெயில் கொளுத்துகிறது, ஏன் 600 வரவில்லை? பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. செல்லின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மேகம் விலகிய குளிர்ந்த நாளில்தான் அதன் முழு வேகம் தெரிகிறது.

துணி துவைப்பதை இப்போது பகலுக்கு மாற்றிவிட்டோம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் மின்வாரியத்தின் அனுமதியைக் கேளுங்கள், மீட்டரையும் பாருங்கள். சில டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகிற யூனிட்டையும் நாம் செலவழித்ததாகவே எண்ணிவிடும். வருவதையும் போவதையும் தனித்தனியாக எண்ணும் இருவழி மீட்டர் வந்த பிறகே நான் சுவிட்சைப் போட்டேன்.