சயின்ஸ் பௌலில் பதில் தெரிந்தும் பறிபோன புள்ளிகள்

இன்னும் மனசு ஆறவில்லை. மண்டலப் போட்டியின் காலைச் சுற்றில் மகளின் பள்ளி அணி ஓர் ஆட்டத்தில் தோற்றது. அறிவியல் தெரியாமல் தோற்றிருந்தால் பரவாயில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1991 முதல் நடத்திவரும் பள்ளி அணிகளுக்கான அறிவியல் வினாடி வினாப் போட்டியான நேஷனல் சயின்ஸ் பௌலுக்குப் பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

டாஸ்-அப் என்பது இரண்டு அணிகளுக்கும் பொதுவாகக் கேட்கும் கேள்வி, முதலில் பட்டனை அழுத்துபவர் பதில் சொல்லலாம். அதற்கு 4 புள்ளி. அதைச் சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் 10 புள்ளிக்கு ஒரு போனஸ் கேள்வி. அதாவது டாஸ்-அப்பை விட்டால் 14 புள்ளி வரை எதிரணிக்குப் போகலாம். எங்களுக்குப் போனது.

வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் எவ்வளவு ஆகும் என்று கேள்வி. பட்டனை அழுத்திய எங்கள் பையன் ‘குவாட்ரபிள்ஸ்’, அதாவது நான்கு மடங்காகும் என்றான். நடுவர் வாசித்த விடைத் தெரிவில் இருந்ததோ ‘இன்கிரீசஸ் பை எ ஃபேக்டர் ஆஃப் ஃபோர்’. பொருள் ஒன்றுதான், ஆனாலும் தவறு என்றார்கள். விடைத் தெரிவுகள் தந்து கேட்கும் கேள்விக்கு வாக்கியமாகப் பதில் சொன்னால் வாசித்தது அப்படியே வர வேண்டும் என்பது விதி. W, X, Y, Z என்ற எழுத்தைச் சொன்னாலே போதும். எதிரணிப் பெண் ‘எக்ஸ்’ என்று ஒரே எழுத்தில் முடித்தாள், போனஸையும் எடுத்தாள். உங்கள் பிள்ளையிடம் எழுத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த அடி பட்டனில் விழுந்தது. கேள்வி முடியும் முன்பே அழுத்தித் தவறாகச் சொன்னால் எதிரணிக்கு 4 புள்ளி, கூடவே முழுக் கேள்வியும் அவர்களுக்கு வாசிக்கப்படும். யார் அழுத்தியது என்று நடுவர் தரப்பு அறிவிப்பதற்குள் வாயைத் திறந்தாலும் பதில் செல்லாது. எங்கள் பிள்ளை ஒருவன் சரியான பதிலை அவசரத்தில் முந்திச் சொல்லிவிட்டான். பாதிக் கேள்வியில் அழுத்தியிருந்ததால் அபராதமும் விழுந்தது. இதை வீட்டில் கேள்வித்தாளை வைத்துப் பழக்க முடியாது. பட்டன் பெட்டியும் பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆளும் வேண்டும்.

பயிற்சியாளர் அன்று கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஆட்சேபம் ஆடிக்கொண்டிருக்கும் நால்வரிடமிருந்துதான் வர வேண்டும். மாற்று வீரருக்குக்கூட உரிமை இல்லை. அதுவும் அடுத்த கேள்வியை வாசிக்கத் தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும். அறைக்கு வெளியே எவ்வளவு நியாயம் பேசினாலும் புள்ளி திரும்பாது.

அதனால்தான் மதிய ஆட்டத்தில் மகள் செய்தது எனக்குப் பெரிய விஷயம். ஒரு சிறு விடைக் கேள்விக்கு அவள் ‘அசிட்டிக் ஆசிட்’ என்றாள். நடுவரின் தாளில் எத்தனாயிக் அமிலம் என்று இருந்தது. தவறு என்று அறிவித்த கையோடு அணித் தலைவி “சேலஞ்ச்” என்றாள். இரண்டும் ஒரே சேர்மத்தின் பெயர்கள் என்று நிதானமாக விளக்கினாள். நடுவர்கள் கூடிப் பேசி 4 புள்ளி கொடுத்து, போனஸையும் வாசித்தார்கள். அதிலும் 10 கிடைத்தது! போனஸில் தலைவி சொல்வதுதான் பதில். கலந்து பேசலாம், ஆனால் முந்திக்கொண்டு வேறு யாரும் சொல்லக் கூடாது. டாஸ்-அப்பில் கலந்து பேசவே கூடாது.

பார்வையாளராகப் போகிறவர்களுக்கும் ஒன்று. அறையில் வாயே திறக்காதீர்கள். பார்வையாளர் பக்கமிருந்து பதில் காதில் விழுந்தால் அந்தக் கேள்வியையே தள்ளிவிடுவார்கள். அது உங்கள் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியாகவும் இருக்கலாம்.