ஆற்று மண்ணும் கடற்கரையும்: செய்மதிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தகவல் கேட்பது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஆற்று மண் பிரச்சினை ஒன்று கிளம்பினால் வழமையாக என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். டிப்பர் வரிசையின் படம் முகநூலில் சுற்றும். பிரதேச செயலகத்துக்கு ஒரு மகஜர் போகும். மாரி வந்து ஆறு பெருக்கெடுத்ததும் குழியும் மூடும், பேச்சும் ஓயும்.

ஆற்றில் மண் எடுப்பது குற்றமில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எடுப்பதும், பத்திரத்தின் நிபந்தனையை மீறி எடுப்பதும்தான் குற்றம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியப்பொருட்கள் சட்டம் சொல்வது அதைத்தான். எனவே டிப்பர் படம் தனியே எதையும் நிறுவாது. பத்திரத்தில் எந்த இடம், எவ்வளவு, எந்த மாதம் வரை என்று இருக்கிறது? நிலத்தில் என்ன நடந்தது? முதலாவது கேள்விக்கான பதில் அரச கோப்பில் இருக்கிறது, தகவலறியும் உரிமைச் சட்டம் அதைத் திறக்கும். இரண்டாவதை இலவசச் செய்மதிப் படம் காட்டும். படத்தை முதலில் பாருங்கள், கோப்பைப் பிறகு கேளுங்கள். இந்த வரிசை மாறினால் எதைக் கேட்பது என்றே தெரியாமல் கேட்க வேண்டிவரும்.

ஐரோப்பிய சென்டினல்-2 செய்மதிகளின் படங்கள் 2015 இலிருந்து இருக்கின்றன. 2017 இல் இரண்டாவது செய்மதி சேர்ந்த பிறகு ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒரு படம் கிடைக்கிறது. கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற இணையத்தளத்தில் பார்ப்பதற்குக் காசு இல்லை. தரவிறக்க ஓர் இலவசக் கணக்கு போதும். லெவல்-2ஏ (வளிமண்டலத்தின் தாக்கத்தைத் திருத்திய) படத்தைத் தெரிவுசெய்து, முகில் அளவை 20 வீதத்துக்குக் கீழே வைத்துத் தேடுங்கள். கிழக்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பெரும்பாலும் முகில்தான். பிப்ரவரி கடைசி முதல் செப்டெம்பர் வரைதான் நமக்கான காலம். ஆறு வற்றும் அந்தக் காலத்தில்தான் மண் அகழ்வும் மும்முரம் என்பதால் இதில் பெரிய இழப்பு இல்லை.

நிறப்படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. நீரைப் பிரித்தெடுக்க என்டிடபிள்யூஐ என்ற நீர்ச் சுட்டியைப் போட வேண்டும். செய்மதி ஒவ்வொரு ஒளி வகையையும் தனித்தனிப் பட்டையாகப் பதிகிறது. பச்சைப் பட்டையிலிருந்து (3) அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் (8) கழித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பதுதான் கணக்கு. பூச்சியத்துக்கு மேலே வந்தால் பொதுவாக நீர். இந்த இரண்டு பட்டைகளிலும் படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) நிலத்தில் 10 மீற்றருக்கு 10 மீற்றர், அதாவது 100 சதுர மீற்றர். கிரான் பக்கம் முந்தனையாற்றுப் படுகையில் பிப்ரவரி கடைசியில் இல்லாத நீர்க்குழி ஓகஸ்டில் தெரிந்தால், அது மழை தோண்டிய குழியில்லை.

இந்தச் சுட்டி பொய் சொல்லும் இடங்களும் உண்டு. பெரும்போகத்துக்குத் தண்ணீர் கட்டிய வயல் முழுவதும் குளம்போலத் தெரியும். வாவியில் ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற மிதக்கும் களைகள் மூடிய பகுதி தரையாகத் தெரியும். வாவியைக் 'காணாமல் போக்கிய' சில வரைபடங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. கடற்கரையில் அலை நுரையும் ஈர மணலும் கரைக்கோட்டை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி தள்ளிப்போடும். ஓடும் ஆற்றின் அடியில் உறிஞ்சி எடுப்பதை இந்தப் படம் காட்டவே காட்டாது. கரைத்திட்டு, வெள்ளச் சமவெளிக் குழி, புதிதாய் வெட்டிய டிப்பர் பாதை ஆகிய மூன்றும்தான் அதற்கு அகப்படும்.

இனி அளவு. ஒரு பருவத்தில் புதிதாக வந்த குழி 35 புள்ளி என்று வைப்போம், அதாவது 3,500 சதுர மீற்றர். விளிம்புப் புள்ளிகளில் பாதி தரை, பாதி நீர் என்பதால் 3,000 முதல் 4,000 வரை என்று எழுதுவதுதான் நேர்மை. ஆழம் படத்தில் வராது. அதை ஊரில் யாராவது தடியும் நாடாவும் வைத்து நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். சராசரி 1.5 மீற்றர் என்றால் 5,250 கனமீற்றர். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர். ஆக ஏறக்குறைய 1,855 கியூப். டிப்பருக்கு 3 கியூப் என்று பார்த்தால் அறுநூறு லோட்டைத் தாண்டும். பத்திரத்தில் அனுமதித்த அளவு இதில் கால்வாசி என்றால் கேள்வி தானாகவே எழும். ஒரே வறட்சிக் காலத்துக்குள் மட்டும் கணக்குப் போடுங்கள். இடையில் ஒரு வெள்ளம் வந்தால் ஆறு தன் மண்ணைத் தானே இடம் மாற்றிவிடும், கணக்கு செத்துவிடும்.

பலரும் சறுக்கும் இடம் ஆள்கூறு. பத்திரத்தோடு வரும் நில அளவைப் படத்தில் உள்ள எண்களை அப்படியே கூகுள் வரைபடத்தில் போட முடியாது, அவை இலங்கையின் சொந்தக் கட்டமைப்பில் இருக்கும். 1999 கட்டமைப்பில் தொடக்கப் புள்ளிக்கு 5 இலட்சம், 5 இலட்சம் என்று கொடுத்திருக்கிறார்கள். பழைய கண்டவளைக் கட்டமைப்பில் 2 இலட்சம், 2 இலட்சம். மட்டக்களப்பு நகரப் பக்கம் கிழக்குத் தூரம் 6 இலட்சத்தை ஒட்டி இருந்தால் புதியது, 3 இலட்சத்தை ஒட்டி இருந்தால் பழையது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் புதியதற்கு ஈபிஎஸ்ஜி (கட்டமைப்பைக் குறிக்கும் எண்) 5235, பழையதற்கு 5234. செய்மதிப் படம் யூடிஎம் 44 வடக்கு என்ற இன்னொரு கட்டமைப்பில் வரும். இதைக் கவனிக்காமல் ஒன்றின்மேல் ஒன்று போட்டால், ஒழுங்காக நடந்தவருடைய குழியும் எல்லைக்கு வெளியே கிடப்பதுபோலத் தெரியும். அப்படி ஒரு படத்தோடு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனால் அடுத்த முறை சரியான படத்தையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கடற்கரைக்குக் கணக்கு வேறு. ஒலுவில் துறைமுகம் நல்ல எடுத்துக்காட்டு. டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்தார்கள். அலைதாங்கிச் சுவர் கரையோரமாக நகரும் மணலை மறித்ததும், சுவருக்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபட்டது. மறிபட்ட மணல் துறைமுக வாயையும் அடைத்தது. இதை ஆண்டுவாரியாகப் பார்க்க சென்டினல் போதாது, அது பிந்தி வந்தது. அமெரிக்காவின் லாண்ட்சாட் செய்மதிப் படம் வேண்டும், 30 மீற்றர் புள்ளி. ஆனால் லாண்ட்சாட் 7 இன் கருவி 2003 மே முதல் பழுது, படத்தில் கறுப்புக் கோடுகள் விழும். லாண்ட்சாட் 5 இன் படமெடுப்பு 2011 கடைசியில் நின்றது; லாண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013 பிப்ரவரியில். துறைமுக வேலை முடிவுக்கு வந்த காலத்தில்தான் இந்த இடைவெளி விழுகிறது! முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை எடுத்து ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

ஒப்பிடும்போது ஜூலையை ஜூலையோடுதான் ஒப்பிட வேண்டும். வாடைக்காலத்தில் (வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில்) கரை ஒடுங்கும், பிறகு மணல் திரும்பி வரும். ஜூலைப் படத்துக்குப் பக்கத்தில் ஜனவரிப் படத்தை வைத்தால் எந்தக் கரையையும் அழிந்ததாகக் காட்டலாம். சென்டினலில் 15 மீற்றருக்குக் குறைந்த மாற்றத்தையும், லாண்ட்சாட்டில் ஒரு புள்ளிக்குக் குறைந்ததையும் 'அரிப்பு' என்று எழுதாதீர்கள். தென்னை விழுந்ததைக் கண்ணால் கண்டிருந்தாலும் அதைப் புகைப்படத்தில் காட்டுங்கள், செய்மதியில் தேட வேண்டாம்.

இனிக் கோப்பு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பிப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்பது பொருளைப் பொறுத்தது. மண் அனுமதிப்பத்திரம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடம். சுற்றாடல் மதிப்பீடு மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் நடப்பது கரையோரம் பேணல் திணைக்களத்திடம். ஆறும் வாவியும் கடலோடு சேரும் இடங்களில் அந்த வலயம் 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். முகத்துவாரம் வெட்டிய (வாவியின் வாயைக் கடலுக்குத் திறந்துவிட்ட) தீர்மானம் என்றால் மாவட்டச் செயலகத்தின் கூட்டக் குறிப்பு.

ஒரே கடிதத்தை நாலு இடத்துக்கும் அனுப்பினால் நாலு இடமும் மற்ற மூன்றைக் கைகாட்டும். ஒவ்வொன்றிடமும் அதனிடம் உள்ளதை மட்டும் கேளுங்கள்.

'ஏன் சட்டவிரோத மண் அகழ்வைத் தடுக்கவில்லை?' என்பது தகவல் கோரிக்கையில்லை, சண்டை. சட்டம் தருவது ஏற்கெனவே உள்ள ஆவணத்தை. ஆகவே இப்படி எழுதலாம்: 'இன்ன பிரதேச செயலாளர் பிரிவில், 2024 ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரை நடைமுறையில் இருந்த ஆற்று மண் அகழ்வு அனுமதிப்பத்திரங்களின் பிரதி, அவற்றோடு இணைந்த நிபந்தனைகள், எல்லை ஆள்கூறுகளுடன் கூடிய நில அளவைப் படம், மாதாந்தம் அறிக்கையிட்ட அளவு, கள ஆய்வு அறிக்கைகள்.' ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் போடுங்கள். பத்திரக்காரரின் பெயரைக் கடைசி இலக்கமாகத் தனியே கேளுங்கள். தனிப்பட்ட தகவல் என்று அதை மறுத்தாலும், மறுக்க வேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது.

விண்ணப்பிக்க ஆர்டிஐ 01 என்ற படிவம் இருக்கிறது, சாதாரணக் கடிதமும் செல்லும். காரணம் சொல்லத் தேவையில்லை; கேட்டாலும் சொல்ல வேண்டாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தமிழிலேயே எழுதுங்கள். வடக்கு கிழக்கின் நிருவாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பில் உள்ள விடயம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முதல் நான்கு பக்கப் பிரதி இலவசம், அதன்பின் ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் என்பது 2017 விதி. பெரிய தொகை கேட்டால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பதிவுத் தபால் துண்டையும் ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள், நாட்கணக்கு தொடங்குவது அங்கேதான்.

கெடு இப்படி ஓடும். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தருவதாக முடிவெடுத்தால் அதிலிருந்து 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும், காரணம் காட்டி இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதன்பின் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள ஆணைக்குழுவுக்கு. நம்மாட்கள் தோற்பது பெரும்பாலும் நடுப்படியில்: பதில் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், 14 நாள் போய்விடும். மௌனமும் மறுப்புத்தான், அன்றே நாட்காட்டியில் குறியுங்கள்.

வழமையான மறுப்பு 'வர்த்தக இரகசியம்', 'மூன்றாம் தரப்பு சம்மதிக்கவில்லை' என்று வரும். பொதுநலன் பெரிதென்றால் விலக்கையும் மீறித் தர வேண்டும் என்று 5(4) ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழு முன் நிரூபிக்கும் பாரமும் நிறுவனத்தின் தலையில்தான். இயற்கை வளத்துக்கு அரசு சொந்தக்காரரில்லை, மக்களுக்காகக் காக்கும் பொறுப்பாளி மாத்திரமே என்ற கருத்தை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேட் வழக்கில் ஏற்றுக்கொண்டது. மேன்முறையீட்டில் அதை ஒரு வரியாகச் சேர்க்கலாம். வெறும் 'பொதுநலன்' என்ற சொல்லைவிட, நீங்கள் போட்ட குழிக்கணக்கை இணைப்பது பலமடங்கு வேலைசெய்யும்.

சுற்றாடல் மதிப்பீட்டில் ஒரு கண் வையுங்கள். முழு மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாள் விட வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்று திட்டத்தைச் சிறிதாக்கிவிட்டால் அந்த 30 நாள் கட்டாயமில்லை. ஆவணம் பகிரங்கமானதுதான், ஆனால் வெளிவந்தது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே திட்டம் ஒன்று வருகிறது என்று காதில் பட்டதும் 'எந்த வகை மதிப்பீடு, அதைத் தீர்மானித்த கடிதத்தின் பிரதி' என்று கேட்டுவிடுங்கள்.

படத்தை எதிர்காலத்துக்கு வைக்கும் விதம்தான் மிச்சம். திரைப்பிரதி எடுத்து வைத்தால் போதாது. பட்டைகளை ஜியோடிஃப் (ஆள்கூறும் சேர்ந்து வரும் படக்கோப்பு) வடிவில் இறக்கி, செய்மதியின் கோப்புப்பெயர், திகதி, எடுத்த நேரம், பயன்படுத்திய சுட்டி, வெட்டெல்லை (எந்த அளவுக்கு மேல் நீர் என்று எடுத்தீர்கள்) எல்லாவற்றையும் ஓர் உரைக்கோப்பில் எழுதுங்கள். மூலக்கோப்புக்கு எஸ்எச்ஏ-256 கைரேகை (கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் எண்) எடுத்து, அந்த எண்ணை அன்றே உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள். வழக்கென்று வந்தால் கணினிச் சான்றுக்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இருக்கின்றன. முதலாவதன் கீழ் விசாரணைக்கு 45 நாள் முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். எதன் கீழ் போவது என்பதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார், கோப்பு சுத்தமாக இருக்க வேண்டியது நம் வேலை. ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதியை முதலில் எடுங்கள். அனுமதியில்லாத படம் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.

முகநூலில் போடும்போது, '2024 பிப்ரவரி 24 க்கும் ஓகஸ்ட் 12 க்கும் இடையில் இந்த இடத்தில் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 சதுர மீற்றர் புதிய நீர்க்குழி' என்ற மாதிரியில் எழுதுங்கள். 'இன்னார் களவெடுத்தார்' என்று எழுத வேண்டாம். பொய்க்கூற்று பரப்பியதாக 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு போடுவது சுலபம். பத்திரத்தின் பிரதி கைக்கு வந்தபிறகு அதன் இலக்கத்தையும் அனுமதித்த அளவையும் படத்துக்குப் பக்கத்தில் போடலாம். தேசிய அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கறுப்படித்துவிட்டு.