மூன்றாம் ஆண்டு அறிக்கை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறையில் தரவுப் பகுப்பாய்வாளராக வேலை பார்த்த ஆண்டுகளில் நான் எழுதிய அறிக்கைகள் பல. அவற்றுள் ஒன்று மட்டும் இன்றுவரை என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆண்கள் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் அப்போது மூன்று பருவங்களை முடித்திருந்தார். அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, அப்படியே விட்டுவைப்பதா, ஆளை மாற்றுவதா என்று துறை இயக்குநர் முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. அணி உண்மையிலேயே முன்னேறியிருக்கிறதா என்பதை எண்களைக் கொண்டு மதிப்பிட்டுத் தரும்படி அவர் என்னிடம் கேட்டார்.

கல்லூரி அணியின் பயிற்சியாளருக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று ஊரிலுள்ள உறவினர்கள் வியந்திருக்கிறார்கள். இந்த நாட்டின் பல மாநிலங்களில் பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவன ஊழியர்களிலேயே மிக அதிகச் சம்பளம் வாங்குபவர், மாநிலப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். கல்லூரிக் கூடைப்பந்தின் மிக உயர்ந்த மட்டமான முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. மார்ச் மாதத் தேசியப் போட்டிக்குள் நுழைபவை 68 மட்டுமே. நுழைய முடியாத பல்கலைக்கழகங்களில் அந்த மாதமே பயிற்சியாளர்களின் வேலை பறிபோகும் மாதமாகவும் இருக்கிறது.

வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் பார்த்தால் எங்கள் அணி மூன்று ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் அந்தக் கணக்கு மிகத் தாமதமாக அசையும் கணக்கு. எதிரணிகளின் தரத்தையும் ஆட்டம் நடந்த இடத்தையும் கழித்துவிட்டு, நூறு பந்து வாய்ப்புகளுக்கு ஓர் அணி எத்தனை புள்ளி எடுக்கிறது, எத்தனை விட்டுக்கொடுக்கிறது என்று கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளியியலாளர் கென் பொமராய் பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வெளியிட்டு வருகிறார். அந்த அளவுகோலில் எங்கள் அணியின் தடுப்பாட்டம் ஆண்டுக்கு ஆண்டு சீராக மேலேறியிருந்தது.

அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். காலைப் பயிற்சிக்கு முன்பே அவர் தரையில் மண்டியிட்டு, வெள்ளை நாடாவைப் பல்லால் கிழித்துச் சிறு சிறு பெருக்கல் குறிகளாக ஒட்டிக்கொண்டிருப்பார். பந்து எதிர்மூலைக்குப் போகும்போது உதவிக்கு வரவேண்டிய ஆட்டக்காரரின் பாதம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. பாதம் அரையடி தள்ளியிருந்தால் ஊதலை ஊதி எல்லோரையும் நிறுத்திவிட்டு, அதே அசைவை மறுபடி செய்யச் சொல்வார். பிப்ரவரிக்குள் நாடாவின் நிறமே மாறி, ஓரமெல்லாம் பிசுபிசுத்துப் போயிருக்கும். குறியைப் பார்க்காமலேயே பையன்கள் அங்கே போய் நிற்பார்கள். அரங்கத்தில் அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ தெரியாது.

இதையெல்லாம் அறிக்கையில் எழுதினேன். ஆனால் ஒன்பதாம் பக்கத்தில், ஐந்து புள்ளிகளுக்குள் முடிந்த ஆட்டங்களில் ஏழில் அணி தோற்றதைத் தனியே பட்டியலிட்டு, 'இறுதி நிமிடங்களில் முடிவெடுக்கும் திறன் வளரவில்லை' என்றும் எழுதிவிட்டேன். அது பிழை. நெருக்கமான ஆட்டங்களின் முடிவில் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும், ஓராண்டில் அவற்றை அள்ளிய அணி மறு ஆண்டும் அள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும் என் தொழிலில் இருப்பவர்கள் அறிந்த செய்தி. பொமராயின் அட்டவணையிலேயே 'அதிர்ஷ்டம்' என்று ஒரு பத்தி இருக்கிறது. ஆட்டத்தின் தரத்தை வைத்து எதிர்பார்க்கக்கூடிய வெற்றிகளுக்கும் உண்மையில் கிடைத்த வெற்றிகளுக்கும் உள்ள இடைவெளியை அது காட்டுகிறது. அந்த ஆண்டு அந்தப் பத்தியில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று பார்த்திருந்தால், அந்த வாக்கியத்தை எழுதியிருக்கவே மாட்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் பதினொரு பக்கங்களைப் புரட்டிவிட்டு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் முன்னுதாரணம் டியூக் பல்கலைக்கழகத்தினுடையது. 1980இல் அங்கே மைக் ஷஷெஃப்ஸ்கியைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக நியமித்தபோது, அதற்கு முந்தைய பருவத்தில் ராணுவக் கல்லூரி அணியை வைத்து 9 வெற்றி, 17 தோல்வி என்ற கணக்கோடு அவர் வந்திருந்தார். டியூக்கில் முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983இல், 'மாநாடு' எனப்படும் தன் பல்கலைக்கழகக் குழுவின் தொடரில் வர்ஜீனியாவிடம் 109-66 என்று நொறுங்கியது அணி. அவரை நீக்கச் சொல்லிப் பழைய மாணவர்கள் நெருக்கினார்கள். இயக்குநர் டாம் பட்டர்ஸ் 1984 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, அவருக்குப் புதிய ஐந்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தார். 1986இல் அணி தேசிய இறுதி ஆட்டம்வரை போனது. 1991 தொடங்கி 2015 வரை ஐந்து பட்டங்கள் வந்தன. பொறுமை பலன் தந்ததற்கான எடுத்துக்காட்டாக இதை எல்லோரும் சொல்வார்கள். பொறுமை காத்தும் பலன் கிடைக்காத பல்கலைக்கழகங்களின் கதையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதால், எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பட்டர்ஸ் பொறுமையாக இருந்ததைவிட, அந்தப் பொறுமையை ஒப்பந்தமாக எழுதி ஊரறியச் சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதன் அருமை எனக்குப் புரிந்தது, நான் அறிக்கை கொடுத்த ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான். எங்கள் இயக்குநர் நீட்டிக்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. 'இன்னும் ஓராண்டு பார்ப்போம்' என்று முடிவு செய்தார். ஒப்பந்தத்தை முறித்தால் கொடுக்க வேண்டிய தொகையும் அதற்கு ஒரு காரணம். இண்டியானா பல்கலைக்கழகம் 2021இல் ஆர்ச்சி மில்லரை நான்கு பருவங்களுக்குப் பின் நீக்கியபோது, அதற்கான ஒரு கோடி டாலருக்கும் அதிகமான தொகை நன்கொடையாளர்களிடமிருந்து வந்தது. அப்படிப்பட்ட நன்கொடையாளர்கள் எங்களிடம் இல்லை. இரு பக்கமும் சாயாத முடிவு என்பதால் அது நியாயமானது என்றே நானும் எண்ணினேன்.

அக்டோபரில் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர் ஒருவர் பெற்றோருடன் வளாகத்தைப் பார்க்க வந்தார். பகுப்பாய்வு எப்படிச் செய்கிறோம் என்பதைக் காட்டுவதற்காக என்னையும் அந்த மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். தந்தை எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, பயிற்சியாளரை நேராகப் பார்த்து, "என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நீங்கள் இங்கே இருப்பீர்களா?" என்று கேட்டார். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மீதமிருக்கின்றன என்பதைப் போட்டிக் கல்லூரிகள் அந்தத் தந்தையிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தன. இருக்க விரும்புகிறேன் என்று பயிற்சியாளர் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அந்தப் பையன் வேறு இடத்தில் சேர்ந்தார்.

பதவி உறுதியில்லை என்ற செய்தியே புதிய ஆட்டக்காரர்களை விலக்குகிறது. அவர்கள் விலகியதால் வரும் தோல்வி, பதவியைப் பறிப்பதற்கான சான்றாகிறது. நாங்கள் ஒதுங்கி நின்று அளந்துகொண்டிருக்கவில்லை. எங்கள் தயக்கமும் அந்த அணியின்மீது விழுந்த ஒரு சுமைதான். 2021இலிருந்து ஆட்டக்காரர் ஒருவர் ஓராண்டு காத்திருக்காமலேயே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம். அதே ஆண்டு ஜூலை முதல் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். தாம் சேர்த்த ஆட்டக்காரர்கள் நான்காம் ஆண்டுக்கு வளர்ந்து வரும்வரை பயிற்சியாளரை விட்டுவைப்பது என்ற பழைய வழக்கத்துக்கு இதனால் அடிப்படையே போய்விட்டது. அவர் வளர்த்த பையன்கள் வசந்தத்தில் கிளம்பிவிட முடியும். எங்கள் அணியிலும் அந்த ஆண்டு இருவர் கிளம்பினார்கள். வெள்ளைக் குறிகளை மிக நன்றாகப் பழகியிருந்தவர்கள் அந்த இருவர்தான்.

நான்காம் பருவம் முடிந்ததும் பயிற்சியாளரை விடுவித்தார்கள். இப்போது நான் எழுதும் மதிப்பீடுகளில், ஒப்பந்தத்தில் மீதமுள்ள ஆண்டுகளும், அணியில் தங்கியவர்கள், வெளியேறியவர்கள் எண்ணிக்கையும் முதல் பக்கத்திலேயே இடம்பெறுகின்றன. நெருக்கமான ஆட்டங்களைத் தனியே பட்டியலிடுவதில்லை.

அந்தக் கோடையில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, ஒன்பதாம் பக்கத்தைப் பற்றியும் அது ஏன் பிழை என்பதைப் பற்றியும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எந்த ஏழு ஆட்டங்கள் என்று மட்டும் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஒவ்வொன்றின் கடைசிப் பந்தும் யார் கையில் இருந்தது, எங்கிருந்து எறியப்பட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் நிறுத்தினார். எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைப் போடுவதற்கு அன்று முதலாம் ஆண்டுப் பையனை நிறுத்தியிருக்கக் கூடாது என்றும், மூத்தவர் ஒருவர் பெஞ்சிலேயே இருந்தார் என்றும் சொன்னார். "அந்த ஒன்றை என் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஆறாவது எது என்று கேட்டார்.