தென் தாய்லாந்தின் மரணப் பதிவுகளோடு சில காலம்

தென் தாய்லாந்தின் பத்தானி, யாலா, நராதிவாட் மாகாணங்களிலும் அண்டையிலுள்ள சொங்க்லாவின் நான்கு மாவட்டங்களிலும் தாய்லாந்து அரசுக்கு எதிராக மலாய் முஸ்லிம் பிரிவினைவாதிகளால் 2004 சனவரியில் மூண்ட கிளர்ச்சியில் 7,000 பேருக்கும் மேல் உயிரிழந்துள்ளனர். அந்த மரணங்களின் பதிவுகளைப் பகுத்தாயும் குழுவொன்றில் புள்ளியியலாளராகச் சில காலம் பணியாற்றினேன். எங்களிடம் வந்தவை சம்பவப் பட்டியல்கள். அவற்றை ஆள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரின் வயது, தொழில், மதம், தாக்கப்பட்ட இடம், நேரம், ஆயுதம் ஆகியவற்றை ஒரு வரியில் பதிவதே முதல் வேலை.

ஆயுதவாரியாகப் பார்த்தபோது, மரணம் ஒரு வழியிலும் காயம் வேறொரு வழியிலும் வந்திருந்தது தெரிந்தது. சாலையோரக் குண்டு ஒரே வெடிப்பில் பலரைக் காயப்படுத்தியது. அவர்களில் ரோந்து செல்லும் படையினர் மிகுதி. துப்பாக்கியோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரைத் தேடி வந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் வருபவர் மிக அருகிலிருந்து சுடும்போது பிழைப்பது அரிது; மரணங்களில் பெரும்பகுதி துப்பாக்கியால் நேர்ந்தவையே. இறந்தோரில் உழைக்கும் வயது ஆண்களே அதிகம்: கிராமத் தலைவர்கள், ஊர்க்காவல் தொண்டர்கள், ஆசிரியர்கள், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளர்கள். விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், பால்வெட்டுவோர் ஆளரவமற்ற தோட்டச் சாலைகளில் இருட்டில் போய்வர வேண்டியிருந்தது. எந்த நேரத்தில் எந்த வழியாக வருவார் என்பதை ஊரே அறிந்திருந்ததுதான் அவர்களுக்கு ஆபத்தாக முடிந்தது.

மதம் பற்றிய பத்தியை நிரப்பும்போது மிகுந்த கவனம் தேவைப்பட்டது. இறந்தவர்களில் பெரும்பான்மையோர் மலாய் முஸ்லிம்கள். காயமுற்றவர்களில் பெரும்பான்மையோர் பௌத்தர்கள். ஆனால் அம்மூன்று மாகாணங்களின் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் முஸ்லிம்கள் என்பதால், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் பௌத்தர்களின் மரண விகிதமே உயர்ந்து நிற்கிறது. எண்ணிக்கையை மட்டும் காட்டினால் ஒரு சமூகத்தின் அச்சமும், விகிதத்தை மட்டும் காட்டினால் மற்றதன் துக்கமும் மறைந்துபோகும். இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து அச்சிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இன்றும் அதே கருத்துதான்.

நராதிவாட் மாகாணத்தின் தக் பாய் என்னும் ஊரில் நேர்ந்த மரணங்கள் எங்கள் படிவத்துக்குள் அடங்கவில்லை. 2004 அக்டோபர் 25 அன்று, நோன்பு மாதத்தில், அங்குள்ள காவல் நிலையத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் 7 பேர் கொல்லப்பட்டனர். கைதானவர்களில் 78 பேர், கைகள் பின்னால் கட்டப்பட்டு இராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டு, பத்தானி முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தனர். ஆயுதம் என்ற பத்தியில் அந்த 78 பேருக்கு எழுத எதுவுமில்லை. ‘ஏனையவை’ என்று விட்டால் அரசுக் காவலில் நேர்ந்த மரணம் என்னும் உண்மையே காணாமற்போகும் என்பதால் தனிவகையை உருவாக்கினோம். 20 ஆண்டுகளுக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்ட ஒருவர்கூட நீதிமன்றத்தில் நிற்காமலே அவ்வழக்கின் காலவரம்பு முடிந்துவிட்டது.

ஒவ்வொரு கொலையும் கிளர்ச்சியைச் சேர்ந்ததல்ல என்பது இன்னொரு சிக்கல். சொந்தப் பகை, உள்ளூர் அரசியல், போதைப்பொருள் வணிகம் ஆகியவையும் அதே முறையில் ஆட்களைக் கொன்றன. கிளர்ச்சியால் நேர்ந்த மரணம் என்று அதிகாரிகள் சான்றளித்தால்தான் இழப்பீடு கிடைத்தது என்பதால், அந்த வகைப்பாடு ஒரு குடும்பத்தின் பிழைப்பையும் தீர்மானித்தது. எனவே சான்று கிடைக்காதவர்களின் வரிகளை நீக்காமல், தனிக் குறியீட்டோடு பதிவேட்டிலேயே வைத்து, அவர்களைச் சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் எல்லாக் கணக்குகளையும் செய்தோம்.