விலாங்குக் குஞ்சுக்கு ஸ்பிரிட் வாங்கிய கதை

விலாங்கு கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளரும் மீன். அதனால் சேலத்தில் இருக்கும் எனக்குக் குஞ்சுகள் கொள்ளிடம் பக்கமிருந்துதான் வந்தாக வேண்டும். அந்தக் குஞ்சு எந்த இனம் என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. குஞ்சு வந்தது சுலபமாகவே நடந்தது. பாடாய்ப் படுத்தியது எத்தனால், அதாவது ஸ்பிரிட்.

டிஎன்ஏ பார்க்க வேண்டுமென்றால் மீனை 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். மீனைக் கெடாமல் வைக்க வழக்கமாக ஊற்றும் ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். கெமிக்கல் கடையில் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். அதற்காகப் போன அலுவலகத்தில், "மீனுக்கு எதுக்குங்க ஸ்பிரிட்டு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு. துறைத்தலைவர் கையெழுத்து போதும் என்றவரே, அடுத்த முறை போனபோது கல்லூரி முத்திரை எங்கே என்றார். அப்புறம், எத்தனை லிட்டர், எங்கே பூட்டி வைப்பீர்கள், சாவி யாரிடம் இருக்கும்? போகிறவர்கள் இது அத்தனையையும் ஒரே கடிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

அனுமதிக்கு அலைந்த நாட்களில் வேறொரு ஆய்வகத்தின் பழைய பாட்டில் ஒன்று கைக்கு வந்தது. உள்ளே ஃபார்மலின், லேபிளில் வெறும் 'விலாங்கு'. ஊரும் இல்லை, தேதியும் இல்லை. குஞ்சுகள் முறுக்கு மாதிரி சுருண்டு கிடந்தன, நீளம் அளக்கவே முடியவில்லை. அளவுதான் இங்கே பாதி வேலை. முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கும் மலத்துவாரத்துக்கும் உள்ள தூரம், மொத்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். ஆங்குவில்லா பைகலர் என்ற விலாங்கு இனத்தில் இரண்டும் ஏறக்குறைய நேர்மேலே கீழே இருக்கும், விகிதம் பூஜ்யத்தை ஒட்டி வரும். பெங்காலென்சிஸ் என்ற இனத்தில் துடுப்பு நன்றாக முன்னாலேயே தொடங்கிவிடும். ஆனால் மார்மொராட்டா என்ற இன்னொரு இனமும் அப்படித்தான். அந்த இரண்டின் அளவுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால்தான் டிஎன்ஏ தேவைப்படுகிறது.

உயிருள்ள குஞ்சு நெளிந்துகொண்டே இருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கிராம்பு எண்ணெயைத் துளி எத்தனாலில் கலந்து தண்ணீரில் விட்டால் மயங்கிவிடும். எண்ணெயை நேராக விட்டால் தண்ணீரில் கலக்காமல் தனியே நிற்கும், அவ்வளவுதான்.

மேட்டூர்ப் பயணம் சுத்த வீண். "விலாங்குக் குஞ்சு வச்சிருக்கேன், வாங்க தம்பி" என்று ஒரு அண்ணன் போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஆரல். முதுகில் தனித்தனியாக முள் நின்றால் அது விலாங்கு இல்லை என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், பஸ் காசு மிச்சம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று ஆய்வு வழிகாட்டியே ஒருநாள் சலித்துக்கொண்டார். விலாங்குப் பண்ணைகள் எல்லாம் ஆற்றில் பிடித்த குஞ்சை நம்பித்தான் ஓடுகின்றன, வணிக அளவில் குஞ்சு பொரிக்க வைக்க இன்னும் முடியவில்லை. 2009-இல் ஐரோப்பிய விலாங்கு வணிகத்துக்கு சைட்டீஸ் என்ற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு வந்ததும் வாங்குவோர் பார்வை வெப்பமண்டல இனங்கள் பக்கம் திரும்பியது. வலையில் ஏறுவது எந்த இனம் என்றே தெரியாமல், எந்த இனத்தைப் பிடிக்க வரம்பு வைப்பது?

கடைசியில் எத்தனால் வந்தது. சந்தேகமாக ஒதுக்கி வைத்திருந்த குஞ்சு, இனம் கண்டுபிடிக்கப் பார்க்கும் 16எஸ் மரபணுவில் பெங்காலென்சிஸ் என்று வந்தபோது ஆய்வகத்திலேயே கத்திவிட்டேன். இன்னொன்று: லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.