அம்மாவின் மாத்திரைகளுக்கு நேரம் பிரித்த கதை

காலையில் காபி குடித்த கையோடு, நான்கு மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குவது அம்மாவின் வழக்கம். தைராய்டு, இரும்புச்சத்து, கால்சியம், அப்புறம் கடையில் கேட்டு வாங்கிய ஒரு மல்டிவைட்டமின். "எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது" என்பார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 9.2-லிருந்து 9.4 ஆகியிருந்தது, அவ்வளவுதான். தைராய்டு ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் டி.எஸ்.எச். முன்பைவிட ஏறியிருந்தது; அதாவது தைராய்டு மாத்திரை போதுமான அளவு வேலை செய்யவில்லை. டோஸைக் கூட்டுவார் என்று நினைத்துப் போனோம். டாக்டரோ, "எப்போ எப்போ போடுறீங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னதும் மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் நேரம் எழுத ஆரம்பித்தார்.

கால்சியத்தோடு சேர்ந்து போனால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரையை இந்த இரண்டுமே கெடுக்கும். 4 மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். காபியும் டீயும் இரும்புக்கு ஆகாது.

விடிகாலை 5.30-க்கு வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. 6.30-க்குக் காபி, 8 மணிக்கு டிபன். 11 மணிக்கு எலுமிச்சை ஜூஸோடு இரும்பு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. அட்டையில் கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்று இருந்ததைப் பார்த்து நான் பயந்தேன். அதில் கால்சியம் 500 மி.கி.தான் என்றும், இந்த வகை சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகச் சேரும் என்றும் விளக்கினார். மல்டிவைட்டமினை நிறுத்தச் சொன்னார். அதிலும் இரும்பு, கால்சியம், துத்தநாகம் எல்லாம் இருந்தன. துத்தநாகம் நாள்பட அதிகமானால் தாமிரம் குறையும், அதனாலேயே ரத்தசோகை வரலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி.

முதல் வாரம்தான் கஷ்டம். எழுந்ததும் காபி குடித்தே பழகியவருக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு யுகம். டம்ளரைக் கழுவி அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரும்பு வயிற்றைப் பிரட்டியது. போன் செய்து கேட்டு, ஒரு வாழைப்பழத்துக்குப் பிறகு போட வைத்தேன். மலம் கறுத்தபோது பயந்துவிட்டார். இரும்பு மாத்திரைக்கு அது வழக்கம்தான் என்றார் டாக்டர்.

மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.3. டி.எஸ்.எச். அளவுக்குள் வந்துவிட்டது. எந்த மாத்திரையிலும் ஒரு மில்லிகிராம்கூடக் கூட்டவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இப்போது இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மா அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "நீ காபி எத்தனை மணிக்குக் குடிப்பே?"